வாடை இல்லாத ஆபத்து

சமையலறையில் கேஸ் கசிந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரிகிறது. அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த வாடை எழுந்ததும் கை தானாக ரெகுலேட்டரைத் தேடிப் போகிறது. யாரோ ஜன்னலைத் திறக்கிறார்கள், ஸ்விட்சைத் தொடாதே என்று யாரோ கத்துகிறார்கள். அந்த வாடை எரிவாயுவுக்குச் சொந்தமானதல்ல. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு கலந்து, வாடையே இல்லாத ஒன்றுக்கு வேண்டுமென்றே ஊட்டப்பட்ட வாடை அது. குழாய்வழியே வரும் இயற்கை எரிவாயுவில் இதைக் கலந்தே தீர வேண்டும் என்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1937இல் சட்டம் போட்டது. ஒரு பள்ளிக்கூடத்தைச் சூடாக வைத்திருக்கச் செய்திருந்த ஏற்பாடுதான் அந்தச் சட்டத்துக்குக் காரணம்.

கிழக்கு டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே இருக்கும் ஊர் நியூ லண்டன். எண்ணெய் வரியால் அந்தப் பள்ளி மாவட்டம் நாட்டின் வசதியான கிராமப்புறப் பள்ளி மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. 1930களின் பெருமந்தத்தில் மற்ற ஊர்கள் திணறிக்கொண்டிருந்தபோது இவர்களால் எஃகுச் சட்டகத்தோடு பெரிய கட்டடம் எழுப்ப முடிந்தது. ஒரே இடத்தில் கொதிகலனை வைத்து, நீராவியைக் குழாய்களில் வகுப்பறைகளுக்கு அனுப்புவதுதான் கட்டடக் கலைஞர் போட்ட திட்டம். பள்ளி நிர்வாகக் குழு அதைக் கைவிட்டு, கட்டடம் முழுக்க 72 எரிவாயு ஹீட்டர்களைப் பொருத்தியது. இந்த முடிவைப் பராமரிப்பவரின் கண்ணால் பார்க்க வேண்டும். கொதிகலன் என்றால் ஒரு அறை, ஒரு நெருப்பு, அதன் பக்கத்தில் நிற்க ஒரு ஆள். 72 ஹீட்டர்கள் என்றால் 72 நெருப்புகள், அவற்றுக்குப் போகும் எண்ணற்ற குழாய் இணைப்புகள், எதன் பக்கத்திலும் ஆள் இல்லை.

1937 தொடக்கத்தில் செலவைக் குறைக்க இன்னொரு முடிவும் எடுத்தார்கள். எரிவாயு நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு, பக்கத்தில் ஓடிய எண்ணெய்க் கம்பெனிக் குழாயில் துளையிட்டுப் பள்ளிக்கு இணைப்பு எடுத்தார்கள். கச்சா எண்ணெயோடு வரும் வாயுவிலிருந்து பெட்ரோலைப் பிரித்தபின் எஞ்சுவதை அந்தக் காலத்துக் கம்பெனிகள் சும்மா எரித்துக்கொண்டிருந்தன. ஆகவே யாராவது இழுத்துக்கொண்டால் கண்டுகொள்ளவில்லை. அந்த வட்டாரத்தில் பலரும் அப்படிச் செய்தார்கள். வாயு இலவசம். ஆனால் அதன் தரமும் அழுத்தமும் சீராக இல்லை, அதற்குப் பொறுப்பேற்பவரும் இல்லை.

மாணவர்கள் சில நாட்களாகவே தலைவலி என்று சொல்லிவந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச் 18 வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி தாண்டியிருந்தது. தொழிற்கல்வி ஆசிரியர் மரத்தை இழைக்கும் மின் சாண்டரைப் போட்டார். தரைக்கு அடியில் காற்றோட்டமில்லாத நீண்ட இடைவெளியில் தேங்கியிருந்த வாயு அந்தப் பொறியில் வெடித்தது. கூரை மேலே எழும்பிக் கட்டடத்தின் மேலேயே விழுந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். நீதிமன்றத்தில் எவர்மீதும் பொறுப்பு நிற்கவில்லை. ஆனால் சட்டமன்றம் சில வாரங்களுக்குள் வாடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொறியாளர் என்று சொல்லிக்கொள்ள மாநிலத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

அந்தத் தலைவலியிடம் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். வாயுவுக்கு வாடை இல்லாத காலத்தில் குழந்தைகளின் தலைதான் அளவுமானியாக இருந்தது. அது சரியாகவே காட்டியது. காட்டியதைப் படிக்க வேண்டியது யார் வேலை என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை.

குளிரூட்டும் இயந்திரங்களின் ஆபத்துக்கு இன்றுவரை அப்படி ஒரு வாடை கிடைக்கவில்லை. பொதுக் கட்டடத்தின் குளிரூட்டலைப் பராமரிப்பது, அந்த வாடையை நாள்தோறும் மனித உழைப்பால் உண்டாக்கும் வேலை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பெரிய கட்டடத்தைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம், உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை எங்காவது கொட்டியாக வேண்டும். மொட்டை மாடியில் விசிறியோடு நிற்கும் கூலிங் டவர் அதற்குத்தான். மண்பானைத் தண்ணீர் எதனால் சில்லிடுகிறதோ அதே காரணம்தான் இங்கும்: நீரில் ஒரு பங்கு ஆவியாகும்போது மீதி நீரின் சூட்டையும் கொண்டுபோகிறது. சூடான நீரை மேலிருந்து தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் அடுக்குகள்மீது தெளிக்கிறார்கள், விசிறி அவற்றின் ஊடே காற்றை இழுக்கிறது, ஆறிய நீர் கீழே தொட்டியில் விழுந்து மீண்டும் சில்லருக்குப் போகிறது. 100 டன் குளிர்விக்கும் திறனுள்ள சில்லர் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 650 லிட்டர் நீர் ஆவியாகும். பத்து மணி நேரத்தில் ஒரு சிறிய தண்ணீர் லாரி காலி.

ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே சில்லரில் வெப்பத்தை நீருக்கு மாற்றும் கண்டென்சர் குழாய்களுக்குள்ளும் படியும். அதனால் தொட்டி நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றிப் புது நீர் விட வேண்டும். இதைத் தொழிலில் புளோடவுன் என்கிறார்கள். உப்புப் படிவால் மின் கட்டணம் ஏறும், ஒருநாள் இயந்திரம் நின்றும் போகும். ஆகவே அதை யாராவது கவனித்துவிடுவார்கள். கவனிக்கப்படாமல் போவது அடுத்தது. வெயில், தூசி, பாசி, சுவரில் வழுவழுப்பான படலம், அதற்குள் அமீபாக்கள், அமீபாக்களுக்குள் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா. 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை அது பெருகும். டவரில் சுற்றும் நீரின் சூடு அந்த வரம்புக்கு நடுவில் இருக்கிறது. விசிறிக் காற்றோடு வெளியேறும் நுண்துளிகளைத் தடுக்கத் தகடுகள் உண்டு. அவை உடைந்தோ விலகியோ இருந்தால் கிருமி ஏறிய சாரல் தெருவுக்குப் போகிறது. அதைச் சுவாசித்த முதியவருக்கோ புகைப்பவருக்கோ இரண்டு நாளிலிருந்து பத்து நாளுக்குள், சில சமயம் அதற்கும் பிறகு, கடுமையான நிமோனியா வரலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பொதுவாகத் தொற்றுவதில்லை. காய்ச்சலோடு படுத்தவருக்கு, போன வாரம் எந்தக் கட்டடத்தைக் கடந்து நடந்தோம் என்பது நினைவிருக்காது. இயந்திரமோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அறைகள் குளிர்ச்சியாகவே இருக்கும். எந்தப் புகாரும் வராது.

இந்தக் கிருமிக்குப் பெயர் கிடைக்கும் முன்பே அது ஒரு பொதுக் கட்டடத்தில் வேலையைக் காட்டியிருந்தது. 1968 ஜூலையில் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில், மாவட்டப் பொதுச் சுகாதார அலுவலகத்தில் வேலை செய்த 100 பேரில் 95 பேருக்குக் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் வந்தன. வந்து போனவர்களையும் சேர்த்து 144 பேர். விசாரிக்க வந்த மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் சிலரும் படுத்தார்கள். நல்லவேளையாக ஒருவரும் இறக்கவில்லை. குளிரூட்டும் அமைப்பின் ஆவியாதல் கண்டென்சரிலிருந்து வெளியேற வேண்டிய சாரல், குறையுள்ள டக்ட் வழியாகக் குளிர்காற்றோடு கலந்து அறைகளுக்குள் வந்தது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கிருமி எது என்பது மட்டும் பிடிபடவில்லை. மாதிரிகளைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். 1976இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாடு நடந்த ஹோட்டலைச் சுற்றி 221 பேர் நோயுற்று 34 பேர் இறந்த பிறகு, 1977 ஜனவரியில் லெஜியோனெல்லா அடையாளம் காணப்பட்டது. அதன் பிறகே பான்டியாக்கின் பழைய மாதிரிகளிலும் அதே கிருமி இருந்தது தெரிந்தது. ஊரின் நோயைக் கண்காணிக்க இருந்த அலுவலகத்தால் தன் கட்டடத்திலேயே இருந்ததைப் பார்க்க முடியவில்லை. அன்று அதற்கு அறிவியலே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கிலாந்தின் பாரோ இன் ஃபர்னஸ் நகரத்துக்கு அந்தச் சமாதானம் கிடையாது. 2002இல் அறிவியல் இருந்தது, வழிகாட்டி நூல்கள் இருந்தன. கூலிங் டவர் வைத்திருப்பவர் உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் 1992 முதல் இருந்தது. ஃபோரம் 28 என்பது அந்நகர மன்றத்துக்கே சொந்தமான கலை அரங்கம். ஊர் நடுவில், கடைத்தெருவை ஒட்டியது. அதன் குளிரூட்டும் அமைப்பிலிருந்து வெளியேறிய சாரல் பக்கத்துச் சந்தில் நடப்பவர்கள்மீது இறங்கியது. ஆகஸ்ட் மாதம் உள்ளூர் மருத்துவமனையில் ஒரே மாதிரியான நிமோனியா நோயாளிகள் அடுத்தடுத்து வரத் தொடங்கினார்கள். சிறுநீரில் செய்யும் எளிய சோதனை காரணத்தைச் சொன்னது. சுமார் 70,000 பேர் வாழும் பகுதியில் 170க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், ஏழு பேர் இறப்பு. அவர்களில் பெரும்பாலோர் அரங்கத்துக்குள் போனவர்கள்கூட அல்லர், கடைக்குப் போக அந்த வழியாக நடந்தவர்கள்.

விசாரணையில் வெளிவந்தது உடைந்த இயந்திரமல்ல, ஒப்பந்தத்தில் இல்லாமல் போன ஒரு வரி. முன்பு அந்த நீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு இருந்தது. அது ரத்தானது. அடுத்து வந்த பராமரிப்பு ஒப்பந்தத்தில் இயந்திரத்தைச் சர்வீஸ் செய்வது இருந்தது, நீரைச் சுத்திகரிப்பது இல்லை. ஒப்பந்தக்காரர் தனக்குக் கொடுத்த வேலையைப் பார்த்தார். நகர மன்றத்தில் இருந்தவர்கள் ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்கிறார் என்று இருந்தார்கள். பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் பின்னர் வெளியிட்ட அறிக்கை காரணங்களை அடுக்கியது: பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம், தகவல் போக வேண்டியவரிடம் போகாமை, எழுப்பப்பட்ட கவலைகளைக் கேட்டும் செயல்படாமை, அபாய மதிப்பீடு செய்யாமை, ஒப்பந்த ஆவணங்களில் அலட்சியம், பயிற்சிக் குறை. கேட்டும் செயல்படாமை என்பதைக் கவனியுங்கள். அங்கேயும் யாரோ தலைவலி என்று சொல்லியிருக்கிறார்கள்.

மரணம் விளைவித்த குற்றத்துக்காக பிரிட்டனில் முதன்முதலாக ஒரு உள்ளாட்சி மன்றம் கூண்டில் ஏறியது அந்த வழக்கில்தான். அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஒரு அமைப்பைக் குற்றவாளி ஆக்க, அதன் மூளையாக இருந்த ஒருவரின் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பது அன்றைய சட்டம். பொறுப்பு பல மேசைகளில் சிதறிக் கிடந்தால் அப்படி ஒருவர் அகப்பட மாட்டார். பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்காக 2006இல் மன்றத்துக்கு 1,25,000 பவுண்டும், கட்டடங்களைக் கவனித்த அதிகாரிக்கு 15,000 பவுண்டும் அபராதம் விதிக்கப்பட்டன. மன்றம் கட்டும் அபராதம் அதே ஊர்மக்களின் வரிப்பணம் என்பது எனக்கு வேதனையான கணக்கு.

சட்டம் கடுமையாக இருந்தால் சரியாகிவிடுமா? நியூயார்க் அதையும் செய்து பார்த்தது. 2015 கோடையில் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் 138 பேர் நோயுற்று 16 பேர் இறந்தார்கள். அப்போது நகரில் எத்தனை கூலிங் டவர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற முழுப் பட்டியலே நகராட்சியிடம் இல்லை. அதே ஆகஸ்டில் சட்டம் வந்தது. ஒவ்வொரு டவரும் பதிவாக வேண்டும், பராமரிப்புத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும், இயங்கும் காலத்தில் 90 நாளுக்கு ஒருமுறையாவது லெஜியோனெல்லா சோதனை நடக்க வேண்டும். உலகில் மிகக் கறாரான விதிகளில் இதுவும் ஒன்று.

பத்தாண்டு கழித்து, 2025 ஜூலை இறுதியில், ஹார்லெமில் மறுபடி வந்தது. 114 பேருக்கு நோய், ஏழு பேர் இறப்பு. கிருமியின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அது இரண்டு இடங்களின் டவர்களோடு பொருந்தியது. ஒன்று நகராட்சியின் ஹார்லெம் மருத்துவமனை. மற்றது நகரின் புதிய பொதுச் சுகாதார ஆய்வகம் எழுந்துகொண்டிருந்த கட்டுமானத் தளம். பான்டியாக்கை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு கனக்கும். 57 ஆண்டுகளுக்குப் பிறகும் நோயிலிருந்து காப்போரின் கட்டடத்திலேயே நோய். 90 நாள் என்ற இடைவெளி கோடைக்கு மிக நீண்டது. ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் வெப்ப அலைகள் பல வந்து போகலாம், அந்தக் கிருமியோ நாட்கணக்கில் பெருகுவது. பின்னர் நகர மன்றம் சோதனையை மாதம் ஒருமுறை என்று நெருக்கியது. நல்லதுதான். ஆனால் சோதனை முடிவு ஆய்வகத்திலிருந்து வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை தொட்டியைப் பார்ப்பது மாடியேறிப் போகும் ஆள்தான்.

அந்த ஆளை நம் ஊரில் பிளான்ட் ரூம் ஆபரேட்டர் என்கிறோம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை, நீதிமன்றம், நூலகம், தலைமைச் செயலகம் போன்றவற்றின் கட்டட வேலையைப் பொதுப்பணித்துறையின் ஒரு பிரிவும் மின், குளிரூட்டல் வேலைகளை அதன் மின்பிரிவும் பார்க்கின்றன. கட்டடத்தைப் பயன்படுத்துவது வேறு துறை. தினசரி இயக்குவது பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். அந்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை எல்லோரும் ஏ.எம்.சி. என்றே அழைக்கிறார்கள். அதில் உதிரிப்பாகமும் அடக்கமா, வெறும் சர்வீஸ் மட்டுமா என்ற இரண்டு வகை உண்டு. உதிரிப்பாகம் அடங்காத ஒப்பந்தத்தில் துளி தடுக்கும் தகடு ஒன்று உடைந்தால் தனியாக எஸ்டிமேட் போட்டு, ஒப்புதல் வாங்கி, நிதி வர வேண்டும். டவர் நீருக்குப் போடும் மருந்து, அதைக் கொடுக்கும் ரசாயனக் கம்பெனியின் தனி விவகாரம். தொட்டிக்கு வரும் நீர் யாருடையது என்பது இன்னொன்று. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை போகிறது. ஊழலைத் தடுக்க வந்த நல்ல சட்டம்தான். ஆனால் டெண்டர் ஆவணத்தில் எழுதாமல் விட்ட வேலைக்கு எவரும் விலை சொல்ல மாட்டார். எழுதாத வேலை நடக்காது. பாரோவில் நடந்தது நம்மிடம் நடக்க முடியாது என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

நம் தட்பவெப்பம் இதில் கூட்டாளி. நியூயார்க்கில் பல கட்டடங்கள் குளிர்காலத்தில் டவரை வடித்துக் காயவைத்துவிடும். சென்னையிலோ மதுரையிலோ அப்படி ஒரு காலமே கிடையாது. கிருமிக்கு ஆண்டு முழுவதும் கோடை. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது, ஆகவே அதிகமாக புளோடவுன் செய்ய வேண்டும். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, குடிநீருக்கே லாரி எதிர்பார்த்து நின்றோம். அப்படிப்பட்ட நாளில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நீரைத் திறந்துவிட எந்த ஆபரேட்டருக்கு மனம் வரும்? நீர்ப்பஞ்சத்துக்கு அஞ்சி, காற்றாலேயே ஆறும் சில்லர்களுக்கு மாறுவதும் உண்டு. டவர் இல்லை, சாரல் இல்லை, கிருமிப் பயமும் இல்லை. பதிலுக்கு மின்சாரம் அதிகம் குடிக்கும். இரண்டில் எது என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும் கேள்வி. அதை வாங்கும்போதே, அடுத்த இருபது ஆண்டுகள் பராமரிக்கப்போகிறவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

நோய் வந்தால் நமக்குத் தெரியுமா என்பது என்னை அதிகம் உறுத்தும் கேள்வி. பாரோவில் காரணம் விரைவில் பிடிபட்டதற்குச் சிறுநீர்ச் சோதனை கையருகே இருந்ததும் ஒரு காரணம். நம் ஊரில் நிமோனியாவோடு வரும் நோயாளிக்கு அந்தச் சோதனை வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. மருந்து கொடுக்கிறோம், பிழைக்கிறார் அல்லது பிழைக்கவில்லை. தேடாத இடத்தில் எண்ணிக்கை பூஜ்யமாகத்தான் இருக்கும்.

ஆபரேட்டர்களில் பலர் ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜிரேஷன், ஏர் கண்டிஷனிங் பிரிவில் இரண்டாண்டு படித்து வந்தவர்கள். செம்புக் குழாயைப் பற்றவைக்கவும், கேஸ் அடிக்கவும், கம்ப்ரசரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் தேய்மானத்தைச் சொல்லவும் தெரிந்த கைகள். மணிக்கு ஒருமுறை லாக் புக்கில் எழுதுகிறார்கள்: சில்லருக்குள் போகும் நீரின் சூடு, வெளியே வரும் நீரின் சூடு, வாயு அழுத்தம், ஆம்பியர். இவை எல்லாம் இயந்திரத்தின் நலம் பற்றியவை. தொட்டி நீர் எந்த நிறத்தில் இருக்கிறது, சுவரைத் தொட்டால் வழுக்குகிறதா, கடைசியாக எப்போது வடித்துத் தேய்த்தோம், நின்றிருந்த பம்பை எத்தனை நாள் கழித்து ஓட்டினோம் என்பதற்கும் அந்தப் பக்கத்தில் கட்டம் வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியமானது. நாள்கணக்கில் தேங்கிய நீரை மருந்து போடாமல் திடீரென்று சுழற்றும் நாள்தான் மிக ஆபத்தானது. நீண்ட விடுமுறைக்குப் பிறகு திறக்கும் கட்டடங்களில் அது நேர்கிறது.

பிரிட்டனில் டவர் பராமரிப்பவர்கள் வாரந்தோறும் பயன்படுத்தும் ஒரு சிறு கருவி உண்டு. டிப் ஸ்லைடு என்று பெயர். இரு பக்கமும் கிருமி வளரும் கூழ் பூசிய, விரல் நீளப் பிளாஸ்டிக் பட்டை. தொட்டி நீரில் நனைத்து, மூடி, 30 டிகிரி சூட்டில் 48 மணி நேரம் வைத்தால் அதில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். லெஜியோனெல்லாவை அது தனியாகக் காட்டாது. மொத்தப் பாக்டீரியா எவ்வளவு, மருந்து வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும். கூட வரும் அட்டையிலுள்ள படங்களோடு புள்ளிகளின் நெருக்கத்தை ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐ.டி.ஐ. படித்தவர் ஒரே காலையில் பழகிவிடுவார், விலையும் அதிகமில்லை. அந்த எண் லாக் புக்கில் ஏறிய பிறகு கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: புள்ளிகள் நெருக்கமாக இருந்தால், மேலே யாரையும் கேட்காமல் அந்த விசிறியை நிறுத்த அந்த ஆபரேட்டருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா?